பேக்ஸ்பேஸ் கொடுத்த நாற்காலி

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பைப் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் இரண்டு கைலி, ஒரு போர்வை, சுமார் இருபது கம்ப்யூட்டர் கட்டளைகள் இருந்தன. கைலிக்கும் போர்வைக்கும் அன்றே உபயோகம் வந்தது. கட்டளைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் கம்ப்யூட்டர் தெரியும் என்றால் சிரிப்பார்கள், இல்லையென்றால் செய்து காட்டு என்பார்கள்.

அந்த இருபதும் சென்னையில் கற்றவை. பழைய கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும் ஒரு கடையில் எட்டு மாதம் இருந்தேன். எந்தப் பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று பார்க்க, லினக்ஸை ஏற்றிக் கறுப்புத் திரையில் சில வரிகளைத் தட்ட வேண்டும். பதில் வந்தால் அலமாரிக்கு, வராவிட்டால் சுத்தியலுக்கு. கடை மூடியபின் திருப்பூரில் பனியன் மடித்தேன். எர்ணாகுளத்தில் ஹோட்டல் பாத்திரம் கழுவினேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒன்பது நாள் படுத்திருந்தேன். பிறகு திருநகரில் ஐந்து பேர் தங்கும் ஓர் அறையில் ஆறாவது ஆளாக இடம் கிடைத்தது. அந்த ஐந்து பேரில் ஒருவர் பைப் கம்பெனியில் இருந்தார். கப்பலூருக்கு நான் வந்தது இப்படித்தான்.

கம்பெனியின் அலுவலகம் கேட்டை ஒட்டிய ஒரு கண்ணாடி அறை. லோடு வெளியே போக வேண்டுமானால் அங்கே கேட் பாஸ் அடித்து வாங்க வேண்டும். டிரைவர் பெயர், பைப்பின் அளவு, எத்தனை பைப், எந்த ஊர், கடைசியில் வண்டி எண், இவ்வளவுதான் அதில் இருக்கும். இதற்கென்று ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர். மவுஸ் கிடையாது, படம் கிடையாது, கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும். அதன் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

டைப் அடிப்பது ஒரு அக்கா. ஒத்தக்கடையிலிருந்து ஊரின் இந்தக் கோடிக்கு இரண்டு பஸ் மாறி வருவார். பக்கத்து நாற்காலியில் ஓர் அண்ணன், நாற்பதைத் தாண்டியவர். அவருடைய வேலை என்னவென்று எனக்கு முதல் வாரம் விளங்கவில்லை. அக்கா ஒரு வரியை அடித்துவிட்டு எண்டர் விசைக்கு மேலே விரலைத் தூக்கி நிறுத்துவார். அண்ணன் கையிலிருக்கும் சீட்டையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்து, "போடு" என்பார். விரல் இறங்கும். பிறகு அடுத்த வரிக்குப் போவார்கள்.

காரணம் இதுதான். அந்தக் கம்ப்யூட்டரில் பேக்ஸ்பேஸ் அழிக்காது. அழுத்தினால், தப்பாக விழுந்த எழுத்து அப்படியே இருக்க, அதன் பக்கத்தில் ^ என்று ஒரு கூரைக்குறியும் ஒரு கேள்விக்குறியும் வந்து உட்காரும். மறுபடி அழுத்தினால் மறுபடி ஒரு கூரை, ஒரு கேள்வி. ஒரு எழுத்து பிசகினாலும் பாஸ் மொத்தத்தையும் ரத்து செய்து முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். தப்போடு அச்சாகி வெளியே வந்துவிட்டாலோ, ரத்துச் சீட்டில் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் அரைமணி நேரம் திட்டுவார். அதற்குப் பயந்துதான் படித்துப் பார்க்க ஓர் ஆள்.

அந்த ஆளாக அந்த அண்ணனைப் போட்டதற்கு வேறு காரணம் இருந்தது. அவருக்கு வலது கையில் மூன்று விரல் இல்லை. பைப் வெட்டும் மெஷின் எடுத்துக்கொண்டது. கேஸ், நஷ்டஈடு என்று எதுவும் கிளம்பிவிடாதபடி முதலாளி அவரை ஏதாவது ஒரு நாற்காலியில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. பேக்ஸ்பேஸும் ஏறக்குறைய அதே சமயத்தில் கெட்டிருக்கிறது. இரண்டு கோளாறும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு சில வருடங்களாக நின்றிருந்தன.

சரிசெய்ய முயலவில்லை என்று சொல்ல முடியாது. கீபோர்டை நாலு தடவை மாற்றியிருந்தார்கள். நாலு பழைய கீபோர்டும் அலமாரிக்கு மேலே அடுக்கியிருந்தன. நாலிலும் பேக்ஸ்பேஸில் மட்டும் விபூதி பூசிய தடம் இருந்தது. மற்ற விசைகளின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு நாள் பாஸுக்காக நின்றபோது திரையில் வரிசையாக ஐந்து கேள்விக்குறிகளைப் பார்த்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"இது கீபோர்டு கோளாறு இல்லண்ணே. உள்ள செட்டிங்கு மாறிக் கெடக்கு."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, பைப்பத் தூக்குனமா, வண்டில அடுக்குனமான்னு இரு. மொதல்ல வந்தவன் கீபோர்டும்பான், அடுத்தவன் செட்டிங்கும்பான். நாளைக்கு ஒருத்தன் வந்து என் கண்ணு சரியில்லம்பான்."

"தம்பிக்குத் தெரிஞ்சா பாக்கட்டுமேண்ணே," என்றார் அக்கா. "ஆறு மணி பஸ்ஸ விட்டுட்டு நான் நெதம் நசுங்கிக்கிட்டுப் போறேன்."

முதலாளியிடம் அக்காதான் கேட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், லோடு நிற்காமல், பெட்டியைத் திறக்காமல் செய்வதானால் செய்யட்டும் என்று உத்தரவு வந்தது. "கெடுத்துட்டா இவன வித்துத்தான் வாங்கணும். இவன வித்தா மவுஸ்கூட வராது," என்றும் சொன்னாராம்.

மறுநாள் மதியம் பாஸ் அடிக்கும் நிரலை விட்டு வெளியே வந்து வெறும் திரையில் நான்கு எழுத்தைத் தட்டினேன். எஸ், டி, டி, ஒய். அதன்பின் ஒரு சின்னக் கோடு, ஒரு ஏ. விசைகளிலிருந்து வருவதைக் கம்ப்யூட்டர் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பட்டியல் முழுவதும் விழுந்தது. அதில் அழிப்பதற்கான அடையாளம் கூரைக்குறி, ஹெச் என்று இருந்தது. எங்கள் பேக்ஸ்பேஸ் அனுப்பிக்கொண்டிருந்ததோ கூரைக்குறி, கேள்விக்குறி. கம்ப்யூட்டர் ஒருவருக்காகக் காத்திருக்கிறது, வேறொருவர் வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். கீபோர்டு பாவம், எந்தக் குற்றமும் செய்யவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் புத்திசாலி. போனில் தேடியபோது, அழிப்பது கண்ணுக்குத் தெரிவதற்கும் ஒரு சொல் இருக்கிறது என்று போட்டிருந்தது. ஏ-க்கு முன்னால் கோடு இருந்ததால் எல்லாச் சொல்லுக்கும் முன்னால் கோடு போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பதினொன்றாம் வகுப்போடு நின்றவன் இப்படித்தான் இலக்கணம் கண்டுபிடிப்பான். அங்கே கோடு என்றால் 'வேண்டாம்' என்று அர்த்தம். சொல்லையும் சற்றுக் குறைத்து அடித்துவிட்டேன் போலிருக்கிறது; அடிக்கும் எதையுமே திரையில் காட்ட வேண்டாம் என்று ஆகிவிட்டது. எண்டர் தட்டினேன். அதற்குப் பிறகு எந்த விசையை அழுத்தினாலும் திரையில் எதுவும் விழவில்லை.

"என்ன தம்பி, ஒண்ணும் வரல?" என்றார் அக்கா.

"வரும்க்கா."

"முன்னாடி தப்பாவாச்சும் வந்துச்சு மாப்ள," என்றார் அண்ணன். "நீ அதையும் நிறுத்திப்புட்ட."

வெளியே திருமங்கலம் பக்கம் போக வேண்டிய லாரி ஹாரன் அடித்தது. வேலை போவது பெரிதல்ல, அது எனக்குப் பழக்கம். மாதம் முடியும் முன்பே போனால் அறை வாடகைக்கு என்ன சொல்வது என்பதுதான் பயம். சென்னைக் கடையில் திரை கிறுக்குப் பிடித்து நின்றால் அடிக்கும் ஒரு வரி நினைவுக்கு வந்தது. அதே நான்கு எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு 'சேன்'. புத்தி தெளிந்து இரு என்று பொருள். எழுத்து தெரியாததால் குருடன் மாதிரி ஒவ்வொரு விசையாகத் தடவி அடித்து எண்டர் தட்டினேன். திரை திரும்பி வந்தது. சும்மா ஒரு சொல்லை அடித்து பேக்ஸ்பேஸை அழுத்தினேன். எழுத்து அழிந்தது.

அந்தக் கட்டளை எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவரும்போது அழிக்கும் அடையாளத்தையும் சேர்த்துச் சரிசெய்துவிட்டது. எனக்கே தெரியாமல் வெற்றி பெற்றிருந்தேன். அக்கா கைதட்டினார். அன்று ஆறு மணி பஸ்ஸில் உட்கார்ந்து போனாராம்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் கேள்விக்குறிகள் திரும்ப வந்துவிட்டன.

"ஒரு நாள் வைத்தியம்," என்றார் முதலாளி. "நம்ம ஆளுக ரிப்பேரே இப்படித்தான்."

ஒவ்வொரு நாளும் உள்ளே நுழையும்போது யாரோ அதைக் கெடுக்கிறார்கள் என்றால், அந்த யாரோ நுழைவாசலில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று மதியம் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுத் தேடினேன். பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த கோப்புகள் சாதாரணமாகப் பட்டியலில் தெரியாது. அவற்றில் ஒன்று, உள்ளே நுழைந்ததும் தானாக ஓடும் கோப்பு. அதன் நடுவில் ஒரே ஒரு வரி இருந்தது. அழிக்கும் அடையாளம் கூரைக்குறி, ஹெச் என்று தினமும் காலையில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்த வரி. நிரலை எழுதிக் கொடுத்த ஆள் அந்தக் காலத்து மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் ஏற்ப அதைப் போட்டிருக்கிறார். பெட்டி மாறியது, கீபோர்டு மாறியது, ஆளும் எங்கேயோ போய்விட்டார். வரி மட்டும் விசுவாசமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறியைப் போட்டேன். அதைப் போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. மறுநாள் பேக்ஸ்பேஸ் அழித்தது. அதற்கு மறுநாளும் அழித்தது. எனக்கு அலுவலகத்துக்குள் செருப்போடு வரும் உரிமை கிடைத்தது.

சனிக்கிழமை காலை முதலாளி வந்து நின்று பார்த்தார். அக்கா சரசரவென்று அடிக்கிறார், பிசகினால் தானே அழிக்கிறார், தானே எண்டர் தட்டுகிறார். பக்கத்தில் அண்ணன் சீட்டை வைத்துக்கொண்டு "போடு" சொல்ல வாயைத் திறப்பதற்குள் வரி போய்விடுகிறது. முதலாளி இதை இரண்டு பாஸ் வரைக்கும் பார்த்தார்.

"இனிமே இதுக்கு எதுக்கு ரெண்டு ஆளு?" என்றார். "திங்கக்கெழமலருந்து நீ கிரைண்டிங்குக்குப் போயிரு. அங்க ஆள் பத்தல."

கிரைண்டிங் என்பது கழிவுப் பைப்பைத் தூளாக அரைக்கும் கொட்டகை. வாய் திறந்த மெஷின். பைப் துண்டுகளைக் கையால் உள்ளே தள்ள வேண்டும். முதலாளி அதைத் தண்டனையாகச் சொல்லவில்லை. காலியாக ஓர் இடம், காலியாக ஓர் ஆள், அவ்வளவுதான் அவர் பார்த்தது.

பத்து மணி டீக்கு அண்ணன் என்னை எதிர்க்கடைக்குக் கூப்பிட்டார். இடது கையால் கிளாஸைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஊதினார்.

"மாப்ள, ஒனக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

"அண்ணே, நான் மெஷினத்தான் சரி பண்ணுனேன்."

"பண்ணுன. யாரு இல்லன்னா. எம்புட்டு நல்லாப் பண்ணிருக்க, ஒரு தடவகூட திரும்பக் கெட மாட்டேங்குது." டீயைக் குடித்தார். "எங்கிட்ட இன்னும் ஏழு வெரலு பாக்கி இருக்கு. அந்தக் கொட்டகை அத வாங்காம விடாது."

"மொதலாளிகிட்ட சொல்லிப் பாருங்கண்ணே."

"என்னத்தச் சொல்ல? பயமா இருக்குன்னா? கல்யாண வயசுல பொம்பளப் புள்ள வச்சிருக்கவன் பயமா இருக்குன்னு சொன்னா வீட்டுக்குப் போம்பாரு." எழுந்தார். "நீ நல்ல வேலக்காரன்டா. அதான் பிரச்சன."

உள்ளபடி சொல்வதென்றால் எனக்கு உடனே இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இருபத்தெட்டு வயதில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரே காரியம் அது. அதையும் அவிழ்க்கச் சொல்கிறார்கள். பைப்பைத் தூக்கும்போது வழியில் கொட்டகையைக் கடந்தேன். உள்ளே ஒரு வடநாட்டுப் பையன் முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு துண்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பத்து விரலும் இருந்தது. அண்ணன் வலது கையின் இரண்டு விரலில் எப்படித் தள்ளுவார் என்று யோசித்தேன். முழங்கை வரைக்கும் உள்ளே கொடுத்தால்தான் முடியும்.

முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போனதும் அக்காவிடம் பேசினேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டார்.

"திரும்ப அந்தக் கேள்விக்குறியோட நான் மல்லுக்கட்டணுமா? நல்லாருக்கு தம்பி ஒங்க நாயம். நாலு நாளாத்தான் எம்புள்ளைக முழிச்சிருக்கையில வீட்டுக்குப் போறேன்."

"அண்ணன கொட்டகைக்கு அனுப்புறாங்கக்கா."

"தெரியும். நானும் பக்கத்துலதான இருந்தேன்." டப்பாவைப் பைக்குள் வைத்தார். "அவருக்கு வெரலு, எனக்குப் பஸ்ஸு. ரெண்டையும் தராசுல வையின்னு எங்கிட்ட வந்து நிக்கிறீங்க. இத நீங்க தொடாமலே இருந்திருக்கலாம்."

கோப்பைத் திறந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழிக்கும் அடையாளம் கூரைக்குறி, ஹெச். பலமுறை பார்த்த வரிதான். கூரைக்குறி என்பது கண்ட்ரோல் விசையைக் குறிக்கும் என்று சென்னைக் கடையிலேயே தெரியும். அப்படியென்றால் பழைய வரி உயிரோடு இருக்கும்போது, கண்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தினால்?

ஹேஷ் குறியை எடுத்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே நுழைந்தேன். ஒரு சொல்லை அடித்தேன். பேக்ஸ்பேஸ்: கேள்விக்குறி. கண்ட்ரோலும் ஹெச்சும்: கேள்விக்குறி அழிந்தது. இன்னொரு முறை: முன்னால் இருந்த எழுத்தும் அழிந்தது. நாலு கீபோர்டு வாங்கிய காலம் முழுவதும் அது அழிக்கத் தயாராகத்தான் இருந்திருக்கிறது. யாரும் அந்த இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தவில்லை. அழுத்த என்ன காரணம் இருக்கிறது?

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு தடவை அழுத்தினார். பிறகு வேகமாகப் பத்துத் தடவை அழுத்தினார்.

"இது யாருக்கும் தெரியாதுல்ல?"

"நமக்கு ரெண்டு பேருக்குத்தான்க்கா."

"மூணு பேருக்கு," என்று சொல்லிவிட்டு அண்ணனைக் கூப்பிடப் போனார்.

திங்கட்கிழமை காலை முதலாளி மோதிர விரலால் பேக்ஸ்பேஸை மூன்று தடவை குத்தினார். மூன்று கேள்விக்குறி விழுந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"எங்கடா போச்சு ஒன் வைத்தியம்?"

"பழைய மெஷின் மொதலாளி. நிக்க மாட்டேங்குது."

"மெஷின் நல்ல மெஷின்தான். கை வச்ச ஆளு சரியில்ல." அக்காவைப் பார்த்தார். "இனி இவன் இதுக்குப் பக்கத்துல வந்தா எனக்குப் போன் போடும்மா." அண்ணனைப் பார்த்து, "நீ எங்கயும் போக வேணாம், உக்காரு," என்றார். என் செருப்பை வாசலில் விட்டுவரச் சொன்னதும் அன்றுதான்.

அதன்பிறகு என்னைப் பற்றி லோடு ஏற்றும் யார்டில் ஒரு பேச்சு பரவியது. கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வந்து கெடுத்தவன். பைப் கை தவறி விழுந்தால், "என்ன மாப்ள, செட்டிங்கு மாறிருச்சா?" என்று கேட்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் கதை நன்றாக இருக்கும், நாற்காலி போய்விடும்.

அலுவலகத்தில் வேறு சிக்கல் முளைத்தது. அக்கா பிசகை உடனுக்குடன் சத்தமில்லாமல் அழித்துவிடுவதால் அண்ணனுக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சவில்லை. ஒரு வாரமாகத் தப்பே கண்டுபிடிக்காத தப்பு பார்க்கிறவர் மறுபடியும் முதலாளியின் கண்ணில் படுவார். நான் சீட்டுக் கொடுக்கப் போனபோது இரண்டு பேரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு ரெண்டு தப்பாவது விட்டு வையி தாயி. ஒரேயடியா தொடச்சுப்புட்டா எப்புடி?"

"ரெண்டு முடியாதுண்ணே. ஒண்ணுதான். அதுவும் மொதலாளி உள்ள இருக்கையில மட்டும். அவரு இல்லாதப்ப என்னால திரும்ப அடிக்க முடியாது."

"சரி, ஒண்ணு. ஆனா பெருசா இருக்கட்டும். வண்டி நம்பர்ல போடு."

அந்த ஏற்பாடு நடந்தது. நான் அங்கே இருந்த கடைசி மாதத்தில் முதலாளி வெளியூர்க்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். பெரிய அளவில் பைப் எடுக்கப் போகிறவர். ஏற்றி முடித்த லாரியோடு நான் ஜன்னலுக்கு வெளியே பாஸுக்காக நின்றிருந்தேன். அக்கா வண்டி எண்ணை அடித்தார். விரலைத் தூக்கினார். அண்ணன் படித்தார். பாதியில் நிறுத்தி, இரண்டு விரல் மிஞ்சிய அந்தக் கையைத் திரைக்கு நேராக உயர்த்தினார்.

"நிப்பாட்டு தாயி! மூணு இல்ல, எட்டு!"

அக்கா ஐயோ என்று தலையில் கைவைத்தார். கொஞ்சம் அதிகமாகவே வைத்தார்.

"பாத்தீங்களா?" என்றார் முதலாளி வந்தவரிடம். "கம்ப்யூட்டர நம்பி விடுறதில்ல நாங்க. நம்மகிட்டருந்து ஒரு தப்பு வெளிய போகாது. இதுக்குன்னே ஆள் போட்டு வச்சிருக்கேன்."

வந்தவர் அண்ணனை மரியாதையோடு பார்த்தார். முதலாளி முன்னால் கண்ட்ரோலையும் ஹெச்சையும் அழுத்த முடியாது. ஆகவே அக்கா மொத்தப் பாஸையும் ரத்து செய்து, டிரைவர் பெயரிலிருந்து ஊர் வரைக்கும் ஒவ்வொரு வரியாகத் திரும்ப அடிக்கத் தொடங்கினார். மணி ஒன்று. தகரக் கூரையின் நிழல் எங்களுக்கு ஓரடி முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது.

டிரைவர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏண்ணே, ஒரு சீட்டு அடிக்க இம்புட்டு நேரமா?"

"செக்கிங் பலமா இருக்குண்ணே," என்றேன். "இன்னொரு டீ குடிச்சிட்டு வந்துருங்க."